பந்து வீச்சாளர் பல்வங்கர் பாலு

கிரிக்கெட் சங்கங்கள் வாலிபர்களைப் பயிற்றுவிக்க வேண்டுமென்ற பேச்சு நம் நாட்டில் எங்கும் கேட்கிறது. ஆசிரியர்களை நியமிப்பதும், மைதானம் அமைப்பதும், பந்தும் மட்டையும் வாங்கிக் கொடுப்பதும் நற்காரியங்களே. ஆயினும், சங்கத்தின் வாயிற்படிக்குள் யாரை அனுமதிக்கிறோம் என்னும் கேள்வி இவை எல்லாவற்றிற்கும் முந்தியதாகும். அக்கேள்வியை ஆராய விரும்புவோருக்கு நாம் பல்வங்கர் பாலுவின் சரித்திரத்தைச் சிபாரிசு செய்வோம். இந்தியாவின் முதற் பெரும் பந்து வீச்சாளர் என்று அவரைச் சொல்வது மிகையன்று.

1870-களில் தார்வாரில், தோல் வேலை செய்யும் சாமார் வகுப்பில் பாலு பிறந்தார். தகப்பனார் பூனாவில் ராணுவ இலாகாவில் ஊழியம் பார்த்தவர். வெள்ளைக்கார அதிகாரிகள் கழித்துப் போட்ட மட்டைகளையும் பந்துகளையும் பொறுக்கி வைத்துக்கொண்டு பாலுவும் அவர் தம்பி சிவராமும் விளையாடப் பழகினர். இதுவே அவர்களது முதற் பாடசாலை.

பாலுவுக்கு முதலிற் கிடைத்த வேலை பூனாவில் பார்ஸிகளின் கிரிக்கெட் சங்கத்தில் மைதானத்தைப் பெருக்கி உருளை இழுப்பது. மாதச் சம்பளம் 3 ரூபாய். 1892-ஆம் வருஷத்தை அடுத்து ஐரோப்பியரின் பூனா கிளப்புக்கு மாறினார். சம்பளம் 4 ரூபாயாயிற்று. கோடு போடுவது, வலை கட்டுவது, டென்னிஸ் மைதானத்தைப் பராமரிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஒரு நாள் அங்கத்தினர் ஒருவர் தமக்குப் பந்து வீசும்படி கேட்டார். இடக்கையால் மெதுவாக வந்து விழுந்த பந்து திடீரெனத் திரும்பிற்று. அன்று முதல் வலையில் பந்து வீசுவதும் அந்த 4 ரூபாய்க்குள் அடங்கிவிட்டது.

அக்காலத்தில் இந்தியாவிலிருந்த ஐரோப்பிய மட்டையாளர்களில் தலைசிறந்தவரான கேப்டன் கிரெய்க், மற்றவர்கள் வருமுன் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து பாலுவின் பந்து வீச்சில் பழகுவார். தம்மை ஒரு தடவை வீழ்த்தினால் எட்டணா கொடுப்பார் என்றொரு கதை வழங்குகிறது. கதை மெய்யாயின், எட்டு முறை வீழ்த்தினால் ஒரு மாதச் சம்பளம். பாலு கருத்தோடு வீசியிருப்பார் என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டுவதில்லை. ஆனால் அத்தனை வருஷங்களில் ஒரு தடவையேனும் அவர் கையில் மட்டையைக் கொடுத்து ஆடச் சொன்னவர் ஒருவரும் இலர் என்கிறார்கள். மட்டை பிடிப்பது துரைமார் தொழில். பந்து வீசுவது வேலைக்காரன் தொழில்.

இதைப் பயிற்சி என்று சொல்லலாமா? வாலிபன் ஒருவனை வீரனாக்க வேண்டுமென்ற எண்ணம் பூனா கிளப்பில் எவருக்கும் இருந்ததில்லை. தம் கை பழக வேண்டுமென்பதே அவர்கள் நோக்கம். எனினும், தன்னினும் தேர்ந்த மட்டையாளனுக்கு எதிரே நாள்தோறும் மணிக்கணக்காக வீசுவதைவிட, இளம் பந்து வீச்சாளனுக்கு மேலான கல்வி எதுவுமில்லை. அவர்கள் கருதாமற் கொடுத்த அக்கல்வியை அவர்களுக்கு எதிராகவே பாலு பின்னாளில் உபயோகித்தார்.

பூனா ஹிந்துக்கள் அவரைத் தங்கள் அணியிற் சேர்ப்பதா என்று வெகுவாக விவாதித்தனர். ஐரோப்பியரை வெல்ல வேண்டுமென்ற ஆசை வைதிகத்தை வென்றது. அவர் தொட்ட பந்தை பிராமண வாலிபர்களும் தொட்டனர். தீட்டு மைதானத்திற்குள் வரவில்லை போலும்! ஆனால் தேநீர் இடைவேளையில் அவர் வெளியே நிற்க வேண்டும். மண் குவளையில் அவருக்குத் தேநீர் வரும். முகம் கழுவத் தண்ணீரைத் தீண்டாத வகுப்பைச் சேர்ந்த பணியாளே கொண்டு வருவான். சாப்பாடு தனியே. வெள்ளையன் கிளப்பில் வேலைக்காரனாயிருந்தவர் தம் சொந்த மதத்தார் அணியில் விருந்தாளியாகக்கூட ஆகவில்லை. அந்நியரைக் குறை கூறுமுன் நாம் இதை நினைக்க வேண்டும்.

1896-ல் பிளேக் நோய் பரவியதை அடுத்து பாலு பம்பாய் சேர்ந்தார். பம்பாய், பரோடா, மத்திய இந்தியா ரயில்வேயில் வேலை கிடைத்தது. ஹிந்து ஜிம்கானாவிலும் சிலர் ஆட்சேபித்தனர். அணித்தலைவர் கீர்த்திகரின் பிடிவாதத்தால் கதவு திறந்தது. 1906 பிப்ரவரியில் ஹிந்துக்கள் ஐரோப்பியரைத் தோற்கடித்தனர். பாலு வீழ்த்தியவை 8 விக்கெட்டுகள். மறு வருஷமும் ஹிந்துக்களே வென்றனர். தேசமெங்கும் உற்சாகம் பொங்கிற்று.

1911-ல் பாட்டியாலா மகாராஜாவின் தலைமையில் முதல் அகில இந்திய அணி இங்கிலாந்து சென்றது. அணி அநேக ஆட்டங்களில் தோற்றது. தோளில் நோவு, வயதோ முப்பத்தைந்தை எட்டியிருந்தது. அப்படியிருந்தும் பாலு 114 விக்கெட்டுகள் எடுத்தார். முதல் தர ஆட்டங்களில் அவர் ஆயுட்காலக் கணக்கு 33 ஆட்டங்களில் 179 விக்கெட்டுகள். ஒரு விக்கெட்டுக்குச் சராசரி 15 ரன்களே.

இவ்வளவு செய்தவருக்கு ஹிந்து அணியின் தலைமை மட்டும் கிடைக்கவில்லை. 1913-ல் தலைவராக நியமிக்கப்பட்ட எம். டி. பாய் என்னும் பிராமணர், அம்மரியாதை தம்மினும் மூத்தவரான பாலுவுக்கே உரியதென்று பகிரங்கமாகக் கூறினார். கமிட்டியார் காதில் அது ஏறவில்லை. 1920-ல் பாலுவை அணியிலிருந்தே நீக்கினர். பாய் நோயுற்றிருக்கவே, தலைமையை விட்டலுக்கு அளியாமல் தேவதருக்கு அளித்தனர். இந்த விட்டல், சிவராம் இருவரும் பாலுவின் தம்பியர். அண்ணன் மிதித்து உண்டாக்கிய பாதையில் வந்து சிறந்த மட்டையாளரானவர்கள். இருவரும் பத்திரிகைகளுக்கு அறிக்கை விடுத்து அணியிலிருந்து விலகினர். நாகபுரிக் காங்கிரஸ் தீண்டாமையைக் கண்டித்த அதே வருஷம் அது. ஒத்துழையாமையை இவர்கள் கிரிக்கெட் மைதானத்திலேயே நடத்திக் காட்டினர். கமிட்டியார் இறங்கி வந்தனர். பாய் குணமாகித் திரும்பினார், பாலு உபதலைவரானார். பார்ஸிகளுடன் நடந்த ஆட்டத்தில் பாய் வேண்டுமென்றே சிறிது நேரம் மைதானத்தை விட்டு வெளியேறினார். அந்நேரத்திற்கு பாலு அணியை நடத்தினார்.

1923-ல் விட்டல் ஹிந்து அணியின் தலைவராக நியமிக்கப்பட்டார். அவ்வருஷம் ஐரோப்பியர் தோற்றனர்; உயர் ஜாதி ரசிகர்கள் அவரைத் தோள்மேல் சுமந்து கொண்டாடினர். அண்ணனுக்கு மறுத்ததைத் தம்பிக்குத் தர ஹிந்து சமூகத்துக்குப் பத்து வருஷம் பிடித்தது.

ஆட்டத்தை விட்ட பின் பாலு பொது வாழ்வில் புகுந்தார். 1932-ல் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். நமது சென்னை எம். சி. ராஜாவும் அதில் ஒப்பமிட்டார். 1937 தேர்தலில் காங்கிரஸ் அபேட்சகராக டாக்டர் அம்பேத்கரை எதிர்த்து நின்று சுமார் 2000 வாக்குகளில் தோற்றார். ஒரே துயரத்திலிருந்து வந்த இருவரை எதிரெதிரே நிறுத்தியது காங்கிரஸின் சாமர்த்தியமா என்பது வேறு விவாதம். தம் வகுப்பு வாலிபர்களுக்கு பாலுவே முதல் வீரராயிருந்தார் என்பதை அத்தோல்வி மாற்றவில்லை.

1955 ஜூலை 4-ந் தேதி பம்பாயில் பாலு காலமானார். சாந்தாகுரூஸில் நடந்த இறுதிச் சடங்குக்குப் பார்லிமெண்டு அங்கத்தினர்கள் உள்படப் பலர் வந்திருந்தனர்.