மலாக்காவின் அரசி துன் பாத்திமா

கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்து மக்களுக்குச் சாமான் விற்றுக் காலங்கழிக்கும் அடியேன், நம்மவரின் சம்பந்தமுள்ள ஒரு சரித்திரத்தை இங்கே எழுதத் துணிந்தேன்.

மலாக்காவின் கடைசி சுல்தான் மஹ்மூது ஷாவின் பட்டத்தரசி துன் பாத்திமா. மலாய்ச் சரித்திர நூலான 'செஜாரா மெலாயு' சொல்லும் வரலாறு இது. அவருடைய பாட்டனாரின் தந்தை மணி புரிந்தான், தென்னிந்தியக் கரையிலிருந்து கப்பலேறி மலாக்கா வந்தவர். அங்கே பிரபு குடும்பத்தில் நிக்காஹ் செய்தார். அவர் மகள் துன் வத்தி சுல்தானுக்கு வாழ்க்கைப்பட்டார். அந்த அம்மையின் மகனே பின்னர் சுல்தான் முஜப்பர் ஷாவானார். மணி புரிந்தானின் மகன் துன் அலி பெண்டஹாரா, அதாவது முதன்மந்திரி ஆனார். துன் அலியின் மகன் துன் முத்தாஹிரும் அதே பதவியில் அமர்ந்தார். அவருடைய அருமை மகளே பாத்திமா.

பாத்திமாவின் அழகு ஊரெங்கும் பிரசித்தம். தந்தையோ அவரைச் சுல்தானுக்குக் காட்டாமல், உறவினரான வேறொரு துன் அலிக்கு மணமுடித்தார். கலியாணத்தன்று பெண்ணைக் கண்ட சுல்தானின் மனத்தில் வன்மம் குடிபுகுந்தது.

இனி வியாபாரிகளான நாம் கவனிக்க வேண்டிய இடம். நைனா சூர தேவன், ராஜா முதலியார் என்னும் இரு பெரும் வர்த்தகர்களுக்குள் வழக்கு உண்டாயிற்று. நைனா, வழக்கு விசாரணைக்கு முன்னிரவில் பெண்டஹாராவுக்குப் பொன் கொடுத்தார்; அவரும் வாங்கிக் கொண்டார். நைனாவின் உறவினன் கித்தூல் என்பவன் முதலியாரிடம் ஒரு காத்தி பொன் கடன்பட்டிருந்தான். அந்தக் கடன் தீர வேண்டி, முதலியாரைக் கொல்லவே பொன் கைமாறியதாகக் கோள் மூட்டினான். பயந்த முதலியார், லக்ஸமானா கோஜா ஹஸனுக்குப் பெரும் பொருள் கொடுத்து, பெண்டஹாரா சிம்மாசனத்தைப் பறிக்கச் சதி செய்கிறார் என்று சுல்தானிடம் சொல்ல வைத்தார். விசாரணை ஏதுமின்றி, 1510-ஆம் ஆண்டு வாக்கில், பாத்திமாவின் தந்தை, சகோதரர் துன் ஹஸன், கணவர் எல்லோரும் கொல்லப்பட்டனர்.

பிறகு உண்மை வெளியாயிற்று. முதலியார் கொல்லப்பட்டார், கோஜா ஹஸன் பதவியிழந்தார். ஆனால் போன உயிர் திரும்புமா? சுல்தான் பாத்திமாவை மணந்து அரசியாக்கினார். அரண்மனையில் எத்தனை சுகமிருந்தும் அந்த அம்மை சிரித்ததேயில்லை என்கிறது அந்நூல். மனம் நொந்த சுல்தான் பட்டத்தை மகன் அஹ்மதிடம் விட்டார். 1511-இல் போர்த்துக்கீசர் மலாக்காவைப் பிடித்தனர். சுல்தான் குடும்பத்தோடு ஓடி நமது பகாங்கில் தஞ்சம் புகுந்தார். பின்பு பிந்தான் தீவிலிருந்து ஆண்டார். 1526-இல் அதுவும் அழிந்தது. 1528-இல் சுல்தான் கம்பாரில் மவுத்தானார். பாத்திமா பெற்ற ராஜா அலி, சுல்தான் அலாவுத்தீன் என்னும் பெயரில் ஜொகூர் அரசை நிறுவினார்.

சகோதரர்களே! மலாக்கா விழுந்தது பறங்கியின் பீரங்கியால் என்பார்கள். ஆனால் அதற்கு முன்பே ஒரு காத்தி பொன் கடனும், ஒரு நாவின் கோளும், விசாரிக்காத ஓர் ஆணையும் அதன் தூண்களை அரித்துவிட்டன. நமக்குள் கணக்கு வழக்கு வந்தால் பகலில், நாலு பேர் முன்னிலையில் பேசித் தீர்ப்போம். இரவில் வரும் கோளுக்குக் கதவைத் திறவாதிருப்போம். வஸ்ஸலாம்.