நூலகத் தந்தை சீர்காழி ரங்கநாதன்

நம் அங்கத்தினர்கள் பலருடைய வீட்டுக் கூடத்தில் ஒரு பட்டமளிப்பு விழாப் புகைப்படம் மாட்டியிருக்கும். கறுப்பு அங்கி, கையில் சுருட்டிப் பிடித்த பட்டம். அந்தப் பட்டத்தால் நமக்கு உத்தியோகம் கிடைத்தது, வடக்கே பல ஊர்களுக்கு மாற்றல் வந்தது, குழந்தைகள் நன்றாகப் படித்தார்கள். அதே பட்டத்தால் ஊராருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி, ஓய்வு பெற்ற பிறகுதான் என் மனத்தில் எழுந்தது. அப்படி யோசிக்கும்போதெல்லாம் நினைவுக்கு வருபவர் டாக்டர் எஸ்.ஆர். ரங்கநாதன்.

தஞ்சை ஜில்லா சீர்காழியில் 1892 ஆகஸ்டில் பிறந்தவர் அவர். தகப்பனார் ராமாமிருத ஐயர், தாயார் சீதாலட்சுமி. ஆறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். பள்ளி ஆசிரியரான பாட்டனாரின் ஆதரவில் வளர்ந்து, உள்ளூர் ஹிந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். 1913ல் பி.ஏ., 1916ல் கணிதத்தில் எம்.ஏ. அங்கே அவருக்குக் குருவாக வாய்த்தவர் கணிதப் பேராசிரியர் எட்வர்ட் ராஸ். சிறு வயதிலிருந்து இருந்த திக்குவாயை விடாமுயற்சியால் கட்டுப்படுத்திக்கொண்டு, ஆசிரியர் பயிற்சியும் முடித்தார். மங்களூர், கோயம்புத்தூர் அரசுக் கல்லூரிகளில் பணியாற்றிவிட்டு, சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியரானார்.

மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதில் அவருக்குப் பெரிய ஆனந்தம். ஆனால் கல்லூரிச் சம்பளம் குடும்பத்துக்குப் போதவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் புதிதாக நூலகர் பதவி ஒன்றை ஏற்படுத்தியபோது, நண்பர்கள் வற்புறுத்தியதால் விண்ணப்பித்தார். சுமார் 900 பேர் விண்ணப்பித்ததாகவும், நூலகப் பயிற்சி பெற்றவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை என்றும் சொல்வார்கள். நேர்காணலுக்கு முன் என்சைக்ளோபீடியா பிரிட்டானிகாவில் நூலகங்கள் பற்றிய கட்டுரையைப் படித்ததுதான் நம்மவர் செய்த தயாரிப்பு. வேலை அவருக்கே கிடைத்தது.

1924 ஜனவரியில் பொறுப்பேற்றார். சில நாட்களிலேயே மனம் ஒடிந்துபோயிற்று. பேச மாணவர்கள் இல்லை, புத்தகம் கேட்டு வருபவரும் அதிகமில்லை. தனிமை தாங்காமல், பழையபடி கல்லூரிக்கே அனுப்பிவிடும்படி மேலதிகாரிகளிடம் முறையிட்டார். அவர்கள் ஒரு சமாதானம் சொன்னார்கள். முதலில் இங்கிலாந்து சென்று நூலக வேலையைப் படித்துவிட்டு வரட்டும், அதன் பிறகும் பிடிக்கவில்லையென்றால் கல்லூரிக்குப் போகலாம் என்று தீர்மானமாயிற்று. அரசுப் பணியில் இருந்த நம்மில் பலருக்கு இந்த மனநிலை புரியும். பிடிக்காத இருக்கையில் உட்கார்ந்து, மாற்றல் உத்தரவை எதிர்பார்த்து நாளைக் கடத்திய அனுபவம் யாருக்குத்தான் இல்லை?

லண்டனில் யூனிவர்சிட்டி கல்லூரியில் படித்தார். கிராய்டன் நகர நூலகத் தலைவர் பெர்விக் சேயர்ஸ் அவருக்கு வழிகாட்டினார். அந்த நாட்டின் நூறு நூலகங்களுக்கு மேல் சுற்றிப் பார்த்தார். அங்கே குழந்தைகளும் குடும்பப் பெண்களும் தொழிலாளிகளும் சகஜமாக வந்து புத்தகம் எடுத்துச் செல்வதைக் கண்டபோதுதான் அவருடைய எண்ணம் மாறியது. புத்தகத்தைப் பூட்டிக் காப்பதல்ல நூலகரின் வேலை, அதை வாசகர் கையில் சேர்ப்பதே அவருடைய வேலை என்று புரிந்துகொண்டார். 1925ல் சென்னை திரும்பியவர் கல்லூரிக்கு மாற்றல் கேட்கவில்லை.

கணித மூளை அங்கேயும் சும்மா இருக்கவில்லை. லண்டன் கடை ஒன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். சில தகடுகளையும் திருகாணிகளையும் மாற்றி மாற்றிப் பூட்டினால் வண்டியும் செய்யலாம், பாலமும் செய்யலாம். புத்தகங்களின் பொருளையும் இப்படியே பிரித்துப் பூட்டினால் என்ன என்று யோசித்தார். அதுவரை வழக்கிலிருந்த டூயி முறையில், ஒவ்வொரு பொருளுக்கும் முன்கூட்டியே ஓர் எண் தயாராக இருக்கும். இந்தியாவில் 1950களில் நுரையீரல் காசநோய்ச் சிகிச்சை என்று ஒரு நூல் வந்தால் அதற்குப் பொருத்தமான இடம் தேட வேண்டும். ரங்கநாதன் முறையில் மருத்துவம், நுரையீரல், காசநோய், சிகிச்சை, இந்தியா, காலம் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி உண்டு. அவற்றை வரிசையாகக் கோத்தால் அந்த நூலுக்கான எண் கிடைத்துவிடும். இடையில் முக்காற்புள்ளி இட்டு இணைத்ததால் கோலன் பகுப்பு முறை என்று பெயர். 1933ல் நூலாக வெளிவந்தது.

அதற்கு முன்பே 1931ல் நூலகத்துக்கான ஐந்து விதிகளை விளக்கி ஒரு நூல் எழுதிவிட்டார். நியூட்டன் விதிகளைப் படித்த விஞ்ஞானப் பட்டதாரிகளுக்கு இவற்றின் எளிமை வியப்பளிக்கும். புத்தகம் பயன்படுவதற்கே உரியது என்பது முதல் விதியின் சாரம். இதைச் சுட்டிக் காட்டியவர் பழைய ஆசிரியர் ராஸ்தான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கேற்ற நூல் கிடைக்க வேண்டும், ஒவ்வொரு நூலும் தன் வாசகரைச் சென்றடைய வேண்டும், வாசகரின் நேரம் வீணாகக் கூடாது, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் போன்றது என்பவை மற்ற நான்கு.

இரண்டாம் விதியைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். படிப்பு என்பது சில குடும்பங்களின் பரம்பரைச் சொத்தாகக் கருதப்பட்ட காலம் அது. அப்படிப்பட்ட சூழலில் பிறந்த ஒருவர், நகரவாசிக்கும் கிராமவாசிக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும், பார்வையற்றவருக்கும் சிறைக் கைதிக்கும்கூடப் புத்தகம் கிடைத்தாக வேண்டும் என்று வாதாடினார். எழுதியதோடு நிற்கவில்லை. 1928ல் சென்னை நூலகச் சங்கம் தோன்ற முன்னின்றார். 1931ல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் புத்தகங்கள் போயின. அவருடைய இயக்கம் தந்த ஊக்கம் அது.

1930ல் காசியில் நடந்த அனைத்து ஆசியக் கல்வி மாநாட்டில் பொது நூலகங்களுக்கான மாதிரிச் சட்டம் ஒன்றை முன்வைத்தார். அது கைகூடப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. 1948ல், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சொத்து வரியோடு ஒரு சிறு நூலக வரியும் வசூலித்து, அதை நூலகங்களுக்கே செலவிட அது வழி செய்தது. சுதந்திர இந்தியாவில் இத்தகைய சட்டங்களில் இதுவே முதலாவது. சிறு வயதில் நான் பௌதிகப் பாடத்துக்கு வெளியே படித்ததெல்லாம் இந்த வரியில் நடந்த ஒரு கிளை நூலகத்தில்தான். வீட்டில் புத்தகம் வாங்க வசதி கிடையாது. அந்த நூலகத்துக்கு மூல காரணமான மனிதரின் பெயரை அறியாமலேயே நான் பட்டமும் வாங்கி, உத்தியோகத்திலும் சேர்ந்துவிட்டேன்.

நம்மைப் போலவே அவரும் ஊர் ஊராய்ப் போனவர். சென்னையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் விடுப்பே எடுக்காமல் உழைத்தபின் 1945ல் விலகினார். டாக்டர் ராதாகிருஷ்ணன் துணைவேந்தராக இருந்த காசி ஹிந்து சர்வகலாசாலைக்குச் சென்று, அங்கிருந்த சுமார் ஒரு லட்சம் நூல்களை வகைப்படுத்தும் வேலையைப் பெரும்பாலும் தம் கையாலேயே செய்தார். 1947ல் தில்லிப் பல்கலைக்கழகம் சென்று, நூலக இயலில் உயர் பட்டப் படிப்புக்கு வித்திட்டார். சில காலம் ஜூரிச்சில் தங்கி எழுதினார். 1962ல் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் கீழ், பெங்களூரில் ஆவணவியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தை நிறுவினார். 1957ல் பத்மஸ்ரீ விருதும், 1965ல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் பதவியும் வந்தன.

எடுத்ததெல்லாம் வெற்றி என்று சொல்லிவிட முடியாது. கோலன் முறையை உலக அறிஞர்கள் கொண்டாடினார்கள். ஆனால் நம் நாட்டிலேயே பல நூலகங்கள் டூயி முறையைத்தான் பின்பற்றுகின்றன. நூலகச் சட்டம் இன்றும் எல்லா மாநிலங்களிலும் இல்லை.

முதல் மனைவி ருக்மணி 1928ல் காலமான பின், அடுத்த ஆண்டு சாரதா அம்மையாரை மணந்தார். திருமணத்தன்று சடங்கு முடிந்த கையோடு நூலகத்துக்குப் போய்விட்டார் என்று ஒரு செய்தி உண்டு. அதைச் சகித்துக்கொண்ட அந்த அம்மையாருக்கு அவர் செய்த மரியாதை ஒன்றைச் சொல்ல வேண்டும். 1956ல் தம்பதிகள் தங்கள் வாழ்நாள் சேமிப்பான ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலக இயலுக்கு ஒரு பேராசிரியர் பதவி ஏற்படுத்த அளித்தார்கள். அந்தப் பதவிக்குச் சாரதா ரங்கநாதன் என்று பெயர். சம்பளம் போதவில்லை என்று வேலை மாறியவர், மிஞ்சியதை அந்த வேலைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

1972 செப்டம்பர் 27 அன்று பெங்களூரில் தம் எண்பதாவது வயதில் அவர் காலமானார். அவர் நினைவாக ஆகஸ்ட் 12ஆம் தேதி தேசிய நூலகர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

நம் அங்கத்தினர்கள் எந்த நகரத்தில் இருந்தாலும் அருகில் ஏதேனும் ஒரு நூலகம் இருக்கும். வருகிற ஆகஸ்ட் 12 அன்று பேரக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு அங்கே ஒரு முறை போய் வாருங்கள். வீட்டு பீரோவில் யாரும் தொடாமல் கிடக்கும் நல்ல புத்தகங்கள் நான்கைந்து இருந்தால், நூலகர் ஏற்றுக்கொள்வாரா என்று விசாரித்து, கையோடு எடுத்துச் செல்லுங்கள். அவை பீரோவில் இருக்கும்வரை முதல் விதி நிறைவேறவில்லை.