தன் ஊசியைக் காணாமல் போன வைத்தியர்

தரம் 6 படிக்கும் அக்காவின் மகள் பாடசாலையிலிருந்து ஒரு சம்மதப் படிவம் கொண்டுவந்தாள். எச்.பி.வி. தடுப்பூசிக்கானது. பாலுறவால் தொற்றும் கிருமிக்கு இந்தச் சின்னப் பிள்ளைக்கு எதற்கு ஊசி என்று அக்கா கையெழுத்து வைக்கவில்லை. அந்த இரண்டு நாளில்தான் ஜியான் ஜோவைப் பற்றித் தேடி வாசித்தேன்.

1957இல் சீனாவின் ஹாங்சோ நகரில் பிறந்தவர், வைத்தியர். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு இந்த வைரசே காரணம் என்பதை ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹவுசன் 1980களில் காட்டியிருந்தார். ஆனால் அதை ஆய்வுகூடத்தில் வளர்த்தெடுக்க முடியவில்லை. வளராத கிருமியைப் பலவீனமாக்கி ஊசி செய்வது எப்படி?

கேம்பிரிட்ஜில் ஜோவைச் சந்தித்த இயன் ஃபிரேசர் அவரை அவுஸ்திரேலியாவுக்கு அழைத்தார். 1990இல் மனைவி சியாவோ யீ சன்னுடன் பிரிஸ்பேன் போனார். மனைவியும் அதே ஆய்வுகூடத்தில் உழைத்தவர். அவர் பெயரைப் பலர் விட்டுவிடுகிறார்கள், அது நியாயமில்லை.

வைரசே வேண்டாம், அதன் மேலோட்டுப் புரதம் போதும் என்பதே அவர்கள் பிடித்த வழி. அந்தப் புரதத்தின் மரபணுவை வேறு கலங்களுக்குள் செலுத்தினார்கள். 1991இல் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, புரதங்கள் தாமாகவே சேர்ந்து வைரஸ் போன்ற உருண்டைகளாகியிருந்தன. உள்ளே மரபணு இல்லை, ஆகவே நோய் வராது. ஆனால் உடல் அதை எதிரியாக அடையாளம் கண்டுகொள்ளும். வீட்டு வாசலில் திருடனின் சட்டையை மட்டும் காட்டி நாயைப் பழக்குவதுபோல.

1999 மார்ச்சில் சீனாவுக்குப் போயிருந்த இடத்தில் ஜோ இறந்தார். வயது 42. ஊசிக்கு அனுமதி கிடைத்தது 2006இல். கண்டுபிடிப்பில் யாருக்கு முன்னுரிமை என்ற வழக்கில் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் ஃபிரேசருக்கும் ஜோவுக்கும் சார்பாகத் தீர்த்தது 2007இல்.

இலங்கைப் பாடசாலைகளுக்கு ஊசி வந்தது 2017இல். ஏற்கெனவே தொற்றிய கிருமியை அது அகற்றாது; அதனால்தான் சிறு வயதிலேயே போடுகிறார்கள். இதை அக்காவிடம் சொன்னேன். போரில் கணவரை இழந்து மூன்று பிள்ளைகளை வளர்த்த பக்கத்து வீட்டு அன்ரியையும் நினைவுபடுத்தினேன். ஊர் என்ன கதைக்கும் என்று இரத்தப்போக்கை மறைத்துவைத்து, மிகப் பிந்தியே ஆஸ்பத்திரிக்குப் போனவர் அவர்.

மூன்றாம் நாள் அக்கா கையெழுத்து வைத்தார். அவருக்கு வயது 37. 35 வயதில் சுகவனிதையர் கிளினிக்கில் செய்யவேண்டிய பப் பரிசோதனைக்கு இன்னும் போகவில்லை. எப்போது போவோம் என்று கேட்டிருக்கிறேன்.