வலியின் அருமை கண்ட வேலூர் டாக்டர்

இயந்திரத்தில் விரலை இழந்த தொழிலாளர் சிலருக்குக் காயம் ஆறி மாதங்கள் கழிந்தும் வேதனை தீருவதில்லை. அவ்விடத்தில் எதுவும் லேசாகப் பட்டாலே மின்சாரம் பாய்ந்தாற்போல் சுரீரென்கிறது. அறுந்த நரம்பின் முனை மீண்டும் வளர முயன்று முடிச்சாகத் திரள்வதே காரணம். முடிச்சை வெட்டி நீக்கி, நரம்பு முனையைத் தசைக்குள் புதைத்து வேதனையைக் குறைக்கிறார்கள் டாக்டர்கள். ஆனால் வலியே இல்லாமற்போவது இதனினும் பெருந்துன்பம் என்று உலகுக்குக் காட்டியவர், கை அறுவை நிபுணர் டாக்டர் பால் பிராண்ட்.

ஆங்கிலப் பாதிரியார் ஒருவரின் மகனாக 1914-ல் கொல்லிமலையில் பிறந்தார். 9 வயதில் படிப்புக்காக இங்கிலாந்து சென்றார். 1929-ல் தந்தை மலையிலேயே காய்ச்சலில் மாண்டார். மகன் முதலில் கற்றது தச்சும் கட்டட வேலையும்; பிறகே லண்டனில் மருத்துவம். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்.

மறு ஆண்டு செங்கற்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். விரல்கள் மடங்கிப்போன நோயாளி ஒருவர் அவர் கையை இறுகப் பற்றினார். கை நோகும் அளவுக்கு வலுவான பிடி! அப்படியானால் முன்கைத் தசைகள் கெடவில்லை என்று உணர்ந்தார். நல்ல தசையின் நாணை இடம் மாற்றி இணைத்து, செயலிழந்த விரல்களை இயங்க வைத்தார். கை திரும்பியவர்களுக்குத் தச்சு வேலையும் கற்பித்தார்.

ஆயினும் சிலர் காலையில் எழும்போது விரலில் சதை குறைந்திருந்தது. இரவில் கண்விழித்துப் பார்த்ததில், உணர்ச்சியற்ற விரலை எலி கடிப்பது தெரிந்தது. வீடு திரும்புவோருக்குப் பூனை கொடுத்தனுப்பினார்! நோய் நேராக விரலைத் தின்பதில்லை. வலி தெரியாததால் படும் காயமே விரலைப் பறிக்கிறது என்பது அவர் கண்ட உண்மை.

ஒருமுறை இங்கிலாந்தில் நெடிய ரயில் பயணத்துக்குப் பின் தம் குதிகாலில் ஊசியால் குத்தியும் அவருக்கு உறைக்கவில்லை. நோய் தமக்கும் வந்துவிட்டதென இரவெல்லாம் கலங்கினார். விடிந்ததும் மீண்டும் குத்தினார், வலித்தது. கால் மரத்திருந்தது, அவ்வளவே. வலிக்காக அவர் மனமார நன்றி கூறினார்.

1966-ல் அமெரிக்கா சென்று, கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் பணியைத் தொடர்ந்தார். 2003-ல் தமது 88-வது வயதில் மறைந்தார்.

பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நமக்குக் கையே முதல். தோலில் உணர்ச்சியற்ற தேமல் கண்டால், வலிக்கவில்லையே என்று வாளாவிருக்க வேண்டாம். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம், நோய் குணமாகும். காலத்தில் சென்றால் விரல்களும் தப்பும்.