பெஸ்டலாஜி என்னும் பெருந்தந்தை

ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ஜூரிச் நகரில் 1746ஆம் ஆண்டு தோன்றியவர் யோஹான் ஹைன்ரிக் பெஸ்டலாஜி. ஐந்தாம் வயதில் தந்தையை இழந்த அவரைத் தாயும் பாபெலி என்னும் பணிப்பெண்ணும் வளர்த்தனர். இறக்குந் தறுவாயில் இல்லத் தலைவர் வேண்டிக்கொண்டவாறே, அப்பெண் அக்குடும்பத்தை விட்டு அகன்றிலள். பிறர் மகவைத் தம் மகவாகப் பேணும் இயல்பைப் பெஸ்டலாஜி அவள்பாலே கண்டனர் போலும்.

மணஞ்செய்துகொண்டபின் தம் பண்ணையில் ஏழைச் சிறுவரைச் சேர்த்து, நூற்றல் நெய்தலோடு கல்வியும் பயிற்றினார். பொருளெல்லாம் அழிந்து 1780இல் அம்முயற்சி நின்றது.

1798 செப்டம்பரில் பிரெஞ்சுப் படையினர் ஸ்டான்ஸ் என்னும் ஊரைத் தாக்கித் தீயிட்டனர். பெற்றோரை இழந்த குழந்தைகளைக் காக்க அரசினர் பெஸ்டலாஜியை அனுப்பினர். அவருக்கு அப்பொழுது பிராயம் ஐம்பத்திரண்டு. கன்னிமாடமொன்றின் பகுதியில், கட்டட வேலையும் முடியாத நிலையில், 1799 ஜனவரியில் இல்லம் தொடங்கிற்று. சொறியும் பேனும் மிக்குக் கந்தையுடுத்து வந்த சிறுவர் சின்னாளில் எண்பதின்மர் ஆயினர். உதவிக்கு இருந்தவள் ஒரே பணிப்பெண். அவர்களோடு உண்டார், அவர்களிடையே உறங்கினார், நோயுற்றாரின் அருகிருந்தார். கல்வி பின்னர் வரும், இல்லறத்து அன்பே முன்னர் வேண்டும் என்பது அவர் துணிபு. சிறுவரை அடித்ததும் உண்டு. அதனை அவர் மறைத்தாரல்லர். ஊராரோ, வேறு சமயத்தவரென்றும் அரசினரின் ஆளென்றும் அவரை ஐயுற்றனர்.

அவ்வாண்டில் ஆல்ட்டார்ப் என்னும் அயலூர் தீக்கிரையாயிற்று. பெஸ்டலாஜி சிறுவரைத் தம்மைச் சூழ இருத்தி, அங்கு வீடிழந்த குழந்தைகள் இருபதின்மரை அழைக்கலாமா என வினவினார். அவர்கள் வரின் உணவு குறையும், உழைப்பு மிகும், உடையையும் பகிர்தல் வேண்டும் என்பதனையும் ஒளியாது உரைத்தார். குறைவாக உண்பினும் அவர்கள் வரட்டும் என்று சிறுவர் ஒருங்கே ஆரவாரித்தனர். சின்மாதங்களுக்கு முன் அவருட் சிலர் தெருவில் இரந்து திரிந்தவர். ஆசிரியத்தொழிலில் உள்ள யான் இதனினும் சிறந்த தேர்வு ஒன்றினை அறியேன். மாணவர் விடுதி நடத்தும் நம் சங்கத்து அன்பர்களும் இதனைச் சிந்தித்தல் நலம்.

ஐந்து திங்கள்கூட நிரம்பவில்லை. படையினர்க்கு மருத்துவமனை வேண்டுமென்று ஜூனில் அவ்விடத்தை எடுத்துக்கொண்டனர். குழந்தைகளுட் பெரும்பாலோர் கலைந்தனர். பெஸ்டலாஜி உடல்நலம் கெட்டு மலைப்பகுதிக்கு ஓய்வுக்குச் சென்றார். பின்னர்ப் புர்க்டார்ப், இவெர்தோன் ஆகிய ஊர்களில் அவர் நடத்திய பள்ளிகளைக் காண ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்தும் அறிஞர் வந்தனர். 1827இல் காலமானார்.

இரண்டாம் உலகப்போரின் பின், 1946இல், அந்நாட்டு ட்ரோகன் என்னும் ஊரில் அவர் பெயராலேயே ஒரு சிறுவர் கிராமம் எழுந்தது. ஒன்றோடொன்று பொருத தேசங்களின் அநாதைக் குழந்தைகள் அங்கே வீடுவீடாகப் பிரிந்து, வீட்டுக்கு வீடு தாய்தந்தையர் போல்வார் பேண, அண்டை வீட்டாராய் வளர்ந்தனர்.