குறைந்த சம்பளத்தை மறுத்த விஞ்ஞான மேதை

ரேடியோ என்றதும் ஒரு மார்க் கேள்விக்கு மார்க்கோனி என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். அதே காலத்தில் நம் நாட்டில் கம்பியில்லா அலைகளை ஆராய்ந்த ஒரு மேதையைப் பற்றி இம்மலரில் எழுதுகிறேன். அவர் சர் ஜெகதீச சந்திர போஸ்.

1858 நவம்பர் 30-ல், இன்றைய வங்கதேசத்திலுள்ள மைமன்சிங்கில் பிறந்தார். அப்பா பகவான் சந்திர போஸ் அரசாங்க அதிகாரி. அந்தஸ்துள்ள வீட்டுப் பிள்ளைகள் இங்கிலீஷ் பள்ளிக்குப் போன காலம் அது. அப்பாவோ மகனை முதலில் தாய்மொழிப் பள்ளியில்தான் சேர்த்தார். அங்கே மீனவர் மகனும் வீட்டு உதவியாளர் மகனும்தான் பக்கத்தில் உட்கார்ந்த தோழர்கள். பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்து, எங்க வீட்டில் முதல் ஆளாக டிப்ளமோவுக்கு வந்த எனக்கு இதைப் படித்ததும் ஒரு தெம்பு வந்தது.

கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பிய போஸ், 1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் ஆசிரியரானார். வெள்ளைக்காரப் பேராசிரியர் வாங்குவதில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. வேலை தற்காலிகம் என்று சொல்லி அதிலும் பாதியைக் குறைத்தார்கள். போஸ் சண்டை போடவில்லை, வேலையையும் விடவில்லை. சம்பளத்தை மட்டும் கையால் தொடவில்லை. வீட்டில் அப்பாவின் கடன் இருந்தும் மூன்று வருடம் அப்படியே பாடம் நடத்தினார். கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்து, பாக்கி முழுவதையும் சேர்த்துக் கொடுத்தது. அந்தப் பணம் கடனை அடைக்க உதவியது.

ஆராய்ச்சிக்கு ஒரு சின்ன அறைதான். உள்ளூர்த் தகர வேலைக்காரர் ஒருவரை வைத்துக்கொண்டு கருவிகளைச் செய்தார். ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தின் தாள்களுக்கு நடுவே மெல்லிய ஈயப் பேப்பரைச் செருகி, ஒரே தளத்தில் அதிரும் அலையை மட்டும் பிரித்தெடுத்தார். முறுக்கிய சணலை வைத்து அந்தத் தளத்தையே திருப்பிக் காட்டினார். 1895-ல் கல்கத்தாவில் அவர் அனுப்பிய அலை சுவரைத் தாண்டிப் போய் மணியை அடித்தது, வெடிமருந்தைக் கொளுத்தியது. 5 மில்லிமீட்டர் அலைநீளம் வரை அவர் ஆராய்ந்தார்.

கலீனா என்னும் ஈயத் தாதுக் கல்லில் ஒரு உலோக முனையைத் தொடவைத்து, அலையையும் ஒளியையும் உணரும் கருவி செய்தார். நம்ம பாடத்தில் வரும் சென்சார் இதுதான்! 1904-ல் அமெரிக்காவில் இதற்கு 755840 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது. நண்பர்கள் வற்புறுத்தி வாங்க வைத்த காப்புரிமை அது. அதை வைத்து அவர் காசு பார்க்கவில்லை.

தாளும் மெல்லிய உலோகமும் என்ற அந்தச் சேர்க்கை இன்று நம்ம இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் தயாராகும் கார்களுக்குள் வேறு உருவில் இருக்கிறது. சீட்டில் ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்று அறியும் சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அதே ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில், வெள்ளி கலந்த மையைப் பிளாஸ்டிக் ஷீட்டில் அச்சடித்து உலர்த்துகிறார்கள். இரண்டு ஷீட்டுகள் அழுந்தும்போது மின்தடை குறைகிறது. ஆள் இருப்பது தெரிகிறது. சமதளத்தில் அச்சடித்த ஷீட் சீட்டின் வளைவுக்கு ஏற்ப வளையும். ஆனால் வளைவில் மைக்கோடு இழுபட்டால் நீளம் கூடும், தடிமன் குறையும், மின்தடை ஏறும். அந்த மாற்றத்தை ஆள் உட்கார்ந்ததாக எடுத்துக்கொள்ளாதபடி கோடுகளை வரைவதில்தான் திறமை இருக்கிறது.

பிற்காலத்தில் போஸ் செடிகளின் பக்கம் திரும்பினார். வளர்ச்சியைப் 10,000 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் கருவியைச் செய்தார். 1917-ல் தன் பிறந்த நாளன்று போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். 1937 நவம்பர் 23-ல் கிரிடியில் மறைந்தார்.

நண்பர்களே, நாளை நாமும் தொழிற்சாலைக்குப் போவோம். ஒரே மெஷினில், ஒரே ஷிப்டில் நிற்கும் பர்மனென்ட் ஆளுக்கு ஒரு சம்பளம், காண்ட்ராக்ட் ஆளுக்கு ஒரு சம்பளம் என்பதைப் பார்ப்போம். மூன்று வருடம் சம்பளம் வாங்காமல் இருக்க நம்ம வீட்டு அடுப்பு தாங்காது. அவர் தனி ஆளாகக் கேட்ட நியாயத்தை நாம் ஒன்று சேர்ந்துதான் கேட்க முடியும். அப்படிக் கேட்கும்போது, போஸைப் போல வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாதவர்களாக இருப்போம்!