பில்லி மெரெடித்

கால்பந்து மைதானத்தின் ஓரத்தில் நின்று ஆர்ப்பரிக்கும் நம் மாணவ நண்பர்களுக்கு, தன் கோஷ்டியை விட்டு எதிர்க்கோஷ்டியிற் சேர்ந்த ஆட்டக்காரனைக் காட்டிலும் வெறுக்கத்தக்கவன் பிறிதொருவன் இலன். இவ்வெறுப்பு எவ்வளவு நியாயமானது என்று ஆராயப் புகுவோர்க்கு, மாஞ்செஸ்டர் நகரத்தின் இரு பெருஞ் சங்கங்களிலும் ஆடிப் புகழெய்திய பில்லி மெரெடித் என்பாரின் சரித்திரம் மிகவும் பயன்படும். அவர் குற்றமற்ற உத்தமர் என்று கூறுதற்கில்லை. அதனாலேயே அவர் வரலாறு படிக்கத் தக்கதாயிருக்கின்றது.

வில்லியம் ஹென்றி மெரெடித் 1874-ஆம் வருஷம் ஜூலை மாதம் 30-ஆம் தேதி, வேல்ஸ் நாட்டின் வடகிழக்கெல்லையில் சேர்க் என்னும் ஊரையடுத்த பிளாக் பார்க்கில் பிறந்தார். அவ்வூரார்க்கு நிலக்கரிச் சுரங்கமே ஜீவனம். மெரெடித் பன்னிரண்டாம் வயதிற் சுரங்கத்தில் இறங்கி, கரிவண்டியிழுக்கும் மட்டக்குதிரைகளை ஓட்டும் வேலையில் அமர்ந்தார். சேர்க் பாடசாலையின் உபாத்தியாயராகிய தாமஸ் என்பவர் சிறுவர்களுக்குப் பந்தாட்டம் பயிற்றுவதில் ஊக்கமுள்ளவர். சுரங்கக் கிராமமாகிய அச்சிற்றூரினின்று வேல்ஸ் தேசக் கோஷ்டிக்கு ஆட்டக்காரர் பலர் கிடைத்தமைக்கு அவரே காரணர். 1894-இல் சேர்க் கோஷ்டி வேல்ஸ் கோப்பையை வென்றபோது மெரெடித்தும் அதிலிருந்தார்.

அவ்வருஷம் அக்டோபர் மாதத்தில் மாஞ்செஸ்டர் ஸிட்டி சங்கத்தார் அவரைத் தேடி வந்தனர். ஆர்டிக் என்னும் பெயரோடிருந்து, அவ்வருஷமே புதுப்பெயர் புனைந்துகொண்ட சங்கம் அது. மெரெடித் உடனே சுரங்க வேலையை விட்டுவிடவில்லை. சிறிது காலம் வாரமெல்லாம் கரியில் உழைத்து, பந்தய நாளில் ரயிலேறிச் சென்று ஆடி, மீண்டும் சுரங்கத்திற்குத் திரும்பினார். நவம்பர் 3-ஆம் தேதி ஸிட்டி மைதானத்தில் அவர் முதன்முதலாக ஆடிய பந்தயத்தில் எதிர்த்து நின்றது, அதே நகரத்து நியூட்டன் ஹீத் கோஷ்டி. ஸிட்டி இரண்டுக்கு ஐந்து என்று தோற்றது. அவ்விரண்டு கோல்களையும் அடித்தவர் மெரெடித்தே. நியூட்டன் ஹீத் 1902-இல் மாஞ்செஸ்டர் யுனைட்டெட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. பின்னாளில் அவர் சென்று சேர்ந்தது அச்சங்கத்தில்தான்.

வலதுபுற ஓரத்தில் கோடு பிடித்தாற்போல் ஓடி, எதிரியை ஏமாற்றிவிட்டு, பந்தைக் கோலின் முன்னே வளைத்தனுப்புவது அவருக்குக் கைவந்த கலை. ஆடும்போதெல்லாம் பல் குத்தும் குச்சியொன்றை மென்றுகொண்டேயிருப்பார். சுரங்கத்திற் பழகிய புகையிலைக்குப் பதிலாக இக்குச்சியை மேற்கொண்டாரென்று கூறுவர். 1904 ஏப்ரல் 23-ஆம் தேதி லண்டன் கிரிஸ்டல் பாலஸ் மைதானத்தில் அறுபதினாயிரத்திற்கு மேற்பட்ட ஜனங்களின் முன்னிலையில், அவர் தலைமை தாங்கிய ஸிட்டி கோஷ்டி போல்ட்டன் கோஷ்டியை வென்று தேசக் கோப்பையைப் பெற்றது. அன்று விழுந்த ஒரே கோலும் அவருடையது.

இங்கே அக்காலத்து ஆட்டக்காரரின் நிலைமையைச் சற்றுச் சொல்லவேண்டும். 1901-இல் தலைமைச் சபையாகிய புட்பால் அசோஸியேஷன் வகுத்த விதிப்படி, எத்துணைச் சிறந்த ஆட்டக்காரனுக்கும் வாரத்திற்கு 4 பவுனுக்கு மேல் சம்பளம் கொடுத்தலாகாது. வெற்றிக்கென்று தனிச் சன்மானமுங் கூடாது. அன்றியும், ஒரு சங்கத்தில் பதிவானவன் அச்சங்கத்தார் விடுவித்தாலன்றி வேறொரு சங்கத்திற்குப் போகமுடியாது. வருஷ ஒப்பந்தம் முடிந்த பின்னும் அவன் அவர்களுடைய பிடியிலேயே இருந்தான். நான்கு பவுன் அக்காலத்துத் தொழிலாளிக்குப் பெருந்தொகைதான். ஆயினும் கால் முறிந்தாலோ வயது ஏறினாலோ அந்நான்கு பவுனும் நின்றுபோம். ஆதலின் பணமுள்ள சங்கங்கள் மறைவில் அதிகம் கொடுத்தன, ஆட்டக்காரர் வாங்கினர், சபையார் பல சமயங்களில் கண்மூடியிருந்தனர். எல்லாரும் மீறும் விதியொன்றிருக்குமானால், அதனால் தண்டிக்கப்படுபவன் அகப்பட்டுக்கொண்டவன் ஒருவனே யன்றோ?

1905 ஏப்ரல் 29-ஆம் தேதி ஸிட்டி கோஷ்டி பர்மிங்ஹாமில் ஆஸ்டன் வில்லாவை எதிர்த்தாடியது. வென்றால் லீக் பட்டம் கிடைக்கக்கூடும். ஆட்டம் முரட்டுத்தனமாகி, கைகலப்பும் நேர்ந்தது. ஸிட்டி இரண்டுக்கு மூன்று என்று தோற்றது. சபையார் இம்முரட்டுச் செயல்களை விசாரிக்கப் புகுந்தபோது, அதனினும் கொடியதொரு செய்தி வெளிப்பட்டது. வில்லாவின் தலைவரான அலெக் லீக் என்பவருக்கு, ஆட்டத்தை விட்டுக்கொடுக்கும்படி 10 பவுன் தருவதாக மெரெடித் கூறினார் என்பதே அது. ஆகஸ்டு மாதத்தில் அவர் அடுத்த பருவம் முழுவதும் ஆடலாகாதென்று விலக்கப்பட்டார். முதலில் அவர் அக்குற்றத்தை மறுத்தார். பின்னர், தாம் செய்தது ஸிட்டி நிர்வாகத்தின் அறிவோடு நிகழ்ந்ததென்று கூறினார். எவர் அறிவோடு நிகழ்ந்திருப்பினும் லஞ்சம் லஞ்சமே. இவ்விஷயத்தில் அவர்பொருட்டு வாதாட நாம் முற்படவில்லை.

தண்டனைக் காலத்தில் அவருக்கு யாதொரு பணமும் கொடுத்தலாகாதென்பது சபையின் கட்டளை. பதினொரு வருஷம் உழைத்த தமக்குச் சங்கம் மறைவிலேனும் கைகொடுக்குமென்று நம்பிய மெரெடித், அடிக்கடி சென்று பணங் கேட்டு நின்றார். சங்கத்தார் அஞ்சினர், முடிவில் தாங்களே அவரைச் சபையாரிடம் முறையிட்டனர். தம்மைக் கைவிட்ட சங்கத்தை அவரும் கைவிட்டார். சம்பளத்தில் நடந்த மறைவான கொடுக்கல் வாங்கல்களைச் சொல்லிவிட்டார். 1906-இல் வந்த தீர்ப்பு இங்கிலாந்தையே திகைக்கச் செய்தது. 17 ஆட்டக்காரர் 1907 ஜனவரி முதல் தேதி வரையில் விலக்கப்பட்டனர். அவர்கள் ஸிட்டிக்கு இனி ஒருபோதும் ஆடலாகாதென்றும் கட்டளை பிறந்தது. காரியதரிசியாகிய டாம் மேலி காலவரையின்றி விலக்கப்பட்டார். சங்கத்திற்கு 250 பவுன் அபராதம். அடுத்த பருவத்தின் முதற்பந்தயத்தில், கிடைத்தவரைத் திரட்டிக்கொண்டு ஸிட்டி கடும் வெயிலில் ஆர்ஸனல் கோஷ்டியை எதிர்த்தபோது, ஒருவர் பின் ஒருவராய் மயங்கி வெளியேற, முடிவில் ஆறு பேரே மைதானத்தில் நின்றனர். (வெயிலுக்குப் பழகிய நமக்கு இது சிரிப்பை விளைக்கலாம், அவர்களுக்கு அன்று சிரிப்பு வரவில்லை.)

ஆட்டக்காரர்களை விலைபேச மாஞ்செஸ்டரில் ஒரு ஹோட்டலில் சந்தையே கூடிற்று. மெரெடித்தையும், ஸாண்டி டர்ன்புல், பர்ஜஸ், பானிஸ்டர் என்னும் மூவரையும் யுனைட்டெட் சங்கம் பெற்றுக்கொண்டது. 1907 புத்தாண்டு நாளிலே, அதே ஆஸ்டன் வில்லாவை எதிர்த்து, மெரெடித் அனுப்பிய பந்தை டர்ன்புல் கோலாக்க, யுனைட்டெட் வென்றது. 1908-இல் லீக் பட்டமும், 1909-இல் தேசக் கோப்பையும், 1911-இல் மீண்டும் லீக் பட்டமும் அச்சங்கத்திற்குக் கிட்டின. அவரைத் துரோகியென்று இகழ்வது எளிது. ஆனால் ஸிட்டிக்கு மீள்வதை விலக்கியது சபை. சபையாரிடம் அவரை ஒப்புவித்தது ஸிட்டி. அவர் விசுவாசம் செலுத்துவதற்கு அங்கே என்ன மிச்சமிருந்தது?

விசுவாசத்தை அவர் வேறிடத்திற் செலுத்தினார். 1907 ஏப்ரலில் யுனைட்டெட் சங்கத்து இளைஞர் தாமஸ் பிளாக்ஸ்டாக் என்பவர், பந்தைத் தலையால் மோதியபின் மைதானத்திலேயே விழுந்து உயிர்துறந்தார். அது இயற்கை மரணமென்று தீர்ப்பாயிற்று. குடும்பத்திற்கு உதவித்தொகை கிடைக்கவில்லை. அவ்வருஷம் டிஸம்பர் 2-ஆம் தேதி மாஞ்செஸ்டர் இம்பீரியல் ஹோட்டலில் ஆட்டக்காரர் பலர் கூடி யூனியன் ஒன்றை நிறுவினர். அக்கூட்டத்தில் அக்கிராசனம் வகித்தவர் மெரெடித். 1909-இல் யூனியன் பிற தொழிலாளர் சங்கங்களோடு இணைய முற்பட்டது. தலைமைச் சபை, யூனியனை விட்டு விலகாதவர் ஆடமுடியாதென்று ஆணையிட்டது. பெரும்பாலோர் அஞ்சி விலகினர். யுனைட்டெட் ஆட்டக்காரர் மட்டும், சார்லி ராபர்ட்ஸ் என்னும் தலைவரின் கீழ் உறுதியாய் நின்று, தங்கள் மைதானத்தை விட்டு வேறிடத்திற் பயிற்சி செய்தனர். சாதிவிலக்கானவர் என்று பொருள்படும் பெயரைப் பலகையிலெழுதி நடுவில் வைத்துப் படமும் பிடித்துக்கொண்டனர். எவர்ட்டன் சங்கத்து டிம் கோல்மன் அவர்களோடு நின்றது குறிப்பிடத்தக்கது. பருவந் தொடங்கும் தறுவாயில் சபை இறங்கி வந்து யூனியனை ஒப்புக்கொண்டது. ஆனால் தொழிலாளர் கூட்டணியைக் கைவிட நேர்ந்தது. சம்பள வரம்பும் நீங்கவில்லை. மெரெடித்துக்கு இது வெற்றியாகத் தோன்றவில்லை.

1915-இல் யுனைட்டெட்டும் லிவர்பூலும் ஆடிய பந்தயமொன்று முன்னரே பேசி முடிக்கப்பட்டதென்று பின்னர் நிரூபணமாயிற்று. விலக்கப்பட்டவருள் டர்ன்புல்லும் ஒருவர். மெரெடித் அன்று ஆடினார். ஆயினும் சூழ்ச்சியில் அவர் பெயர் அடிபடவில்லை. ஒருவரும் தமக்குப் பந்தனுப்பாதது கண்டே சந்தேகித்ததாக அவர் கூறினாரென்பர். டர்ன்புல் இரண்டு வருஷத்தில் பிரான்ஸ் யுத்தகளத்தில் மாண்டார்.

யுத்தத்திற்குப் பின் மெரெடித்துக்கும் யுனைட்டெட் சங்கத்தாருக்கும் மனத்தாங்கல் முற்றியது. தம்மை விலைபேசாமல் விடுவிக்க வேண்டுமென்று பிடிவாதஞ் செய்து, 1921-இல் அவ்வாறே விடுதலை பெற்று, தாம் முதலில் ஆடிய ஸிட்டிக்கே திரும்பினார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு. அதற்கு முன்னரே, 1920 மார்ச் 15-ஆம் தேதி, தம் நாற்பத்தெட்டாவது தேசப் பந்தயத்தில் அவருடைய நெடுநாளாசை நிறைவேறிற்று. 1882-க்குப் பின் இங்கிலாந்தை ஒருமுறையேனும் வென்றறியாத வேல்ஸ், அன்று லண்டனில் இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. 1895 முதல் அவர் அந்நாளுக்காகக் காத்திருந்தார். ஸிட்டிக்காக அவர் கடைசியாய் ஆடியது 1924 மார்ச் 29-ஆம் தேதி, கோப்பையின் அரையிறுதிப் பந்தயத்தில், நியூகாஸிலை எதிர்த்து. அப்பொழுது ஐம்பது வயது நிறைய நான்கு மாதமே குறை.

அதன்பின் ஹோட்டல் நடத்தியும், சிலகாலம் யுனைட்டெட் சங்கத்திலேயே பயிற்சியளித்தும் வாழ்ந்தார். 1958 ஏப்ரல் 19-ஆம் தேதி மாஞ்செஸ்டரில் உயிர்நீத்தார். ம்யூனிக் விமான விபத்தில் யுனைட்டெட் இளைஞர் எண்மர் மாண்டு பத்து வாரமே ஆகியிருந்தபடியால், முதியவரொருவரின் மறைவை நாடு அதிகம் கவனிக்கவில்லை. சம்பள வரம்பு மூன்றே வருஷத்திற்குப் பின் 1961-இல் நீங்கிற்று. அவருடைய கல்லறை நாற்பது வருஷத்திற்கு மேல் பெயரின்றிக் கிடந்தது. 2001-இல் அதன்மேற் கல் நாட்டப்பட்டது. அச்செலவில் ஆட்டக்காரர் யூனியனும், வேல்ஸ் தலைமைச் சபையும், மாஞ்செஸ்டரின் இரு சங்கங்களும் பங்கு கொண்டன.